ஹெட்போன் பேஸை ஒப்பிடும் முறை: முதலில் ஒலியளவு, அடுத்து அடைப்பு, அதன் பிறகே தரம்

ஒரே போன், ஒரே வால்யூம், ஒரே பாட்டு. இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டுவிட்டு "இதில்தான் பேஸ் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம். அந்த முடிவு பெரும்பாலும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைப் பற்றியதாக இருப்பதில்லை. ஒன்று, அந்த ஹெட்போன் சற்றுச் சத்தமாக ஒலித்திருக்கும். இல்லாவிட்டால் மற்றது காதில் சரியாக உட்கார்ந்திருக்காது. இந்த இரண்டையும் சரிசெய்த பிறகு மிஞ்சுகிற வித்தியாசம்தான் ஒப்பிடத் தகுந்தது. அதிலும் பேஸின் அளவு வேறு, தரம் வேறு. அளவை ஈக்வலைசரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஏற்றி இறக்கும் வசதி) கூட்டலாம், குறைக்கலாம். தரத்தை அப்படித் திருத்த முடியாது. அதனால் அளவைச் சமன் செய்துவிட்டுத் தரத்தைக் கேட்பதே நம்பகமான வழி.

இதற்குத் தேவைப்படுவது அதிகமில்லை: ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் உள்ள ஒரு கணினி, ஓர் ஈக்வலைசர், நன்கு பழகிய நான்கைந்து பாடல்கள், குறித்துக்கொள்ள ஒரு தாள், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரக்கூடிய ஓர் அறை. மின்விசிறியின் இரைச்சலில் தாழ்ந்த ஒலிகள் நிறைய உண்டு. அது ஓடிக்கொண்டிருந்தால், காதைத் திறந்து வைக்கும் ஹெட்போனில் பேஸ் குறைந்ததுபோலத் தோன்றும்.

பேஸ் என்பது மூன்று பகுதிகள்

20 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உள்ள எல்லாவற்றையும் 'பேஸ்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் ஒப்பிடவே முடியாது. குறைந்தது மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை சப்-பேஸ். இது சுருதியாகக் கேட்பதைவிட ஓர் அழுத்தமாகவே உணரப்படும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி கிட்டாரில் 31 ஹெர்ட்ஸ், பியானோவின் இடதுகோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ். எலக்ட்ரானிக் இசையில் அடித்துவிட்டு நீளமாக இழையும் கிக் ஒலியின் வால் பகுதியும் இங்கேதான் இருக்கிறது.

60 முதல் 120 வரை மிட்-பேஸ். டிரம்ஸின் கிக் விழும் அடி, பேஸ் கிட்டார் வாசிக்கும் வரியின் பெரும்பகுதி இதில் வரும். கடையில் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு "பேஸ் செம" என்று சொல்ல வைப்பது இந்தப் பகுதிதான்.

120 முதல் 250 வரை மேல் பேஸ். ஆண் குரலின் அடித்தளமும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தரும் கனமும் இங்கே சந்திக்கின்றன. இது கொஞ்சம் கூடினால் ஒலிக்கு வெதுவெதுப்பு வரும். இன்னும் கூடினால் எல்லாவற்றின் மேலும் ஒரு போர்வை விழும். மலிவான ஹெட்போன்களில் 'பேஸ் அதிகம்' என்று விற்கப்படுவது பல நேரங்களில் இந்த மேல் பேஸின் வீக்கம்தான். உண்மையான ஆழம் அதில் இருக்காது.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் '20 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ்' என்ற வரியைப் பொருட்படுத்த வேண்டாம். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாதவரை அந்த எண்கள் எதையும் உணர்த்துவதில்லை. 20 ஹெர்ட்ஸில் ஒலி 25 டெசிபல் சரிந்திருந்தாலும் அதே வரியை அச்சிடலாம். '50 மில்லிமீட்டர் டிரைவர்' என்பதும் அப்படித்தான் (டிரைவர் என்பது உள்ளே அசைந்து ஒலி எழுப்பும் பாகம்). காதுக்குள் இறுக்கமாக அடைபடும் 6 மில்லிமீட்டர் டிரைவர், கசியும் 50 மில்லிமீட்டர் டிரைவரைவிட ஆழமாக இறங்கும்.

தொடங்கும் முன் எல்லாவற்றையும் அணையுங்கள்

போனில் இருக்கும் டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட், '3டி சவுண்ட்', பாட்டுச் செயலிக்குள் இருக்கும் ஈக்வலைசர், ஹெட்போனின் சொந்தச் செயலியில் இருக்கும் ஈக்வலைசர் என எல்லா இடங்களிலும் போய்ப் பாருங்கள். இவற்றில் ஒன்று மட்டும் அணையாமல் இருந்தாலும் நாள் முழுக்கச் செய்த ஒப்பீடு வீண். போன், ஹெட்போனின் வகையை அடையாளம் கண்டு தானாக ஈக்வலைசரை மாற்றும் வசதியும் சில மாடல்களில் உண்டு, அதையும் நிறுத்துங்கள்.

புளூடூத் ஹெட்போன் என்றால் இன்னொரு சிக்கல். இரைச்சல் நீக்கும் வசதியை இயக்கினால் ஒரு பேஸ், அணைத்தால் ஒரு பேஸ், ஒயர் மாட்டி மின்சாரம் இல்லாமல் கேட்டால் மூன்றாவது பேஸ் என்று பல மாடல்கள் நடந்துகொள்கின்றன. வால்யூம் குறைவாக இருக்கும்போது மட்டும் பேஸைத் தானாகத் தூக்கிக் கொடுப்பவையும் உண்டு. அதனால் அன்றாடம் எந்த நிலையில் கேட்பீர்களோ, அந்த நிலையிலேயே ஒப்பிடுங்கள். எந்த நிலை என்று தாளில் எழுதிவிடுங்கள். கோடெக் (புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) பற்றிக் கவலை வேண்டாம். எஸ்பிசி, ஏஏசி, எல்டிஏசி ஆகியவற்றுக்கு இடையே வித்தியாசம் இருந்தால்கூட அது பேஸில் தெரியாது.

ஒரே நேரத்தில் இரண்டு ஹெட்போன்களை ஒரு பிரிப்பானில் மாட்டி வைத்து மாற்றிக் கேட்பது வசதியாகத் தோன்றும். செய்யாதீர்கள். இரண்டின் உணர்திறனும் ஒன்றாக இருக்காது என்பதால் ஒலியளவைத் தனித்தனியே சமன் செய்ய வழி இல்லாமல் போகும். வலது காதில் ஒன்று, இடது காதில் இன்னொன்று என்று வைத்துப் பார்ப்பதும் தவறு. இரண்டுமே சரியாக உட்காராமல் கசியும். போதாததற்கு இரு காதுகளும் ஒன்றுபோல் கேட்பதில்லை.

காதோடு ஒட்டாவிட்டால் பேஸ் இல்லை

பேஸ் குறைபாட்டுக்கு முதல் காரணம் பெரும்பாலும் கசிவுதான். மூடிய ஹெட்போனிலும் காதுக்குள் போகும் இயர்போனிலும் டிரைவர் முன்னும் பின்னும் அசைந்து சிறிய காற்றறை ஒன்றை அழுத்துகிறது. அந்த அறையில் ஓர் ஊசித்துளை அளவு வழி இருந்தாலும், மெதுவாக மாறும் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். உயர்ந்த ஒலிகள் வேகமாக மாறுவதால் தப்பிக்கின்றன; தாழ்ந்தவை மட்டும் காணாமல் போகின்றன. இயர்டிப் (இயர்போன் முனையில் மாட்டும் மென்மையான உறை) சரியாக அடைக்காதபோது 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 முதல் 20 டெசிபல் வரை இழப்பது சாதாரணம். அவ்வளவு இழந்த பிறகு எந்த இயர்போனும் நல்ல இயர்போன் அல்ல.

சோதிப்பது எளிது. 40 ஹெர்ட்ஸ் தொனியை மிதமான ஒலியில் ஓடவிட்டு, மூடிய ஹெட்போனின் இரண்டு கிண்ணங்களையும் விரல் நுனியால் லேசாகத் தலையோடு அழுத்துங்கள். ஒலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. சட்டென்று இரண்டு மடங்கு கனமானால் அதுவரை கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். மூக்குக்கண்ணாடியின் காம்பு, குஷனுக்கு அடியில் மாட்டிய முடி, ஜிமிக்கி, காதுக்குக் கீழே தாடையெலும்புக்குப் பின்னால் விழும் பள்ளம் ஆகிய நான்கையும் வரிசையாகப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடுதான் ஒப்பிட வேண்டும். கழற்றி வைத்துவிட்டுக் கேட்டு வாங்கிய ஹெட்போன், வீட்டில் கண்ணாடியோடு போடும்போது வேறொன்றாக ஒலிக்கும். தோல் உரிந்து, பஞ்சு அமுங்கிப்போன பழைய குஷனோடு புதிய ஹெட்போனை ஒப்பிடுவதும் நியாயமில்லை. முதலில் குஷனை மாற்றுங்கள். ஆனால் மாற்றுக் குஷன் வாங்கும்போது கவனம் தேவை: தோலுக்குப் பதில் வெல்வெட் துணி, குறைந்த தடிப்பு, வேறு அகலமுள்ள துளை என எது மாறினாலும் பேஸ் மாறும்.

இயர்போனில் பெட்டியோடு வரும் எல்லா அளவு டிப்களையும் ஒவ்வொரு காதிலும் தனித்தனியே போட்டுப் பாருங்கள். இடது காதுக்கு நடு அளவும் வலது காதுக்குப் பெரிய அளவும் பொருந்துவது அபூர்வமல்ல. டிப்பை நுழைக்கும்போது மற்ற கையால் காதுமடலின் மேல்பகுதியை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். டிப் ஆழமாக உட்காரும். சரியாக அடைத்திருந்தால் நீங்கள் பேசும் குரல் உங்களுக்கே தலைக்குள் முழங்கும். சிலிகான் நிற்கவே இல்லையென்றால் ஃபோம் டிப்பை விரலால் உருட்டிச் சுருக்கி நுழைத்து அரை நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். ஏர்பாட்ஸ் புரோ போன்றவற்றில் டிப் பொருத்தச் சோதனை போனின் அமைப்புகளிலோ செயலியிலோ இருக்கிறது. அதை ஓட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

அடைப்பு சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் பேஸ் குறைந்தால் காற்றுத்துளைகளைப் பாருங்கள். இயர்போன் உடலில் ஊசிமுனை அளவு ஒன்றிரண்டு துளைகள் இருக்கும். டிரைவருக்குப் பின்னால் உள்ள துளையில் அழுக்கு அடைத்தால் பேஸ் குறையும். முன்னால் உள்ள துளை அடைந்தால் பேஸ் வீங்கும். ஊசியால் குத்த வேண்டாம், உள்ளே இருக்கும் மெல்லிய வலை கிழிந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும்.

ஒலியளவைச் சமன் செய்தல்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிறார்கள். ஒப்பீட்டைக் கெடுப்பதும் இதுதான். நம் காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் அளவுள்ள ஒலிக்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் அதற்கு ஏறத்தாழ 64 டெசிபல் வேண்டும். அதே 1000 ஹெர்ட்ஸ் 80 டெசிபலாக இருக்கும்போது 100 ஹெர்ட்ஸுக்கு 92 டெசிபல் இருந்தாலே போதும். அதாவது மெல்லிய ஒலியில் 24 டெசிபல் பின்தங்கியிருந்த பேஸ், சத்தமான ஒலியில் 12 டெசிபல் அளவுக்கே பின்தங்குகிறது. 1933-இல் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய இந்த இயல்பு, ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேசத் தரத்தில் இன்று எண்களாக இருக்கிறது. ஆக, வால்யூமைக் கூட்டினாலே பேஸ் கூடியதாகக் கேட்கும். இரண்டு ஹெட்போன்களுக்கு நடுவே 2 டெசிபல் வித்தியாசம் இருந்தால் போதும், 'சத்தமானது' என்று தோன்றாமல் 'பேஸ் நிறைந்தது' என்றே தோன்றிவிடும்.

சமன் செய்ய ஒரு பாட்டைப் பயன்படுத்தாதீர்கள். பேஸ் அதிகமுள்ள ஹெட்போன் பேஸாலேயே சத்தமாகத் தோன்றும். அதைக் குறைத்தால் குரல் அமுங்கும், ஒப்பீடு சாய்ந்துவிடும். 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைத் தொனியும் சரிவராது. அந்த ஒரு புள்ளியில் ஒரு ஹெட்போனுக்குச் சின்ன மேடு இருந்தாலும் கணக்குத் தப்பும். நடுப்பகுதி மட்டும் உள்ள இரைச்சலே இதற்கு ஏற்றது. ஆடாசிட்டியில் அதைச் செய்வது இப்படி:

1. ஜெனரேட் மெனுவில் நாய்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, வகை பிங்க், அளவு 0.3, நீளம் 60 வினாடி என்று கொடுங்கள்.
2. எஃபெக்ட் மெனுவில் ஹை-பாஸ் ஃபில்டர்: 500 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல்.
3. அடுத்து லோ-பாஸ் ஃபில்டர்: 2000 ஹெர்ட்ஸ், அதே 24 டெசிபல்.
4. வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3 வேண்டாம்.

முதல் ஹெட்போனை நீங்கள் வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் ஒலியில் வைத்து இந்த இரைச்சலைக் கேளுங்கள். இரண்டாவதை மாட்டி, அதன் வால்யூமைச் சத்தமான பக்கத்திலிருந்து குறைத்துக்கொண்டே வந்து இரண்டும் சமமாகத் தோன்றும் இடத்தைக் குறியுங்கள். பிறகு மெல்லிய பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்து இன்னொரு முறை குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ளதுதான் சரியான இடம். ஒரே பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் காது எப்போதும் ஒரே திசையில் தவறும். போனின் வால்யூம் பொத்தானில் ஒவ்வொரு படியும் பெரிதாக இருப்பதால் ஒரு படி குறைவு, அடுத்த படி அதிகம் என்று மாட்டிக்கொள்வீர்கள். அப்போது ஈக்வலைசர் செயலியில் உள்ள முன்பெருக்கத்தை (ப்ரீஆம்ப் என்ற மொத்த ஒலியளவுக் கட்டுப்பாடு) 0.5 டெசிபல் படிகளில் நகர்த்திச் சரிசெய்யுங்கள். இறுதியில் இரண்டு ஹெட்போன்களுக்கும் உரிய வால்யூம் நிலையை எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு ஒப்பீடு முடியும்வரை அதைத் தொடக்கூடாது.

எவ்வளவு ஆழம் இறங்குகிறது

ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் சர்ப் என்று ஒன்று உண்டு. சைன் அலை, தொடக்கம் 200 ஹெர்ட்ஸ், முடிவு 20 ஹெர்ட்ஸ், அளவு இரண்டு முனையிலும் 0.3, லாகரித்மிக், நீளம் 40 வினாடி என்று கொடுங்கள். மேலிருந்து கீழே இறங்கும்படி அமைப்பதற்குக் காரணம் காதின் பாதுகாப்பு. 20 ஹெர்ட்ஸை நம் காது கேட்கவே 78 டெசிபல் தேவை. 100 ஹெர்ட்ஸுக்கு 27 டெசிபல் போதும். கீழிருந்து தொடங்கினால் ஒன்றும் கேட்கவில்லையே என்று வால்யூமை ஏற்றுவீர்கள், அரை நிமிடத்துக்குள் 100 ஹெர்ட்ஸ் முழு வலிமையோடு காதில் வந்து மோதும். டிரைவருக்கும் அது நல்லதல்ல.

ஒலி சீராக இறங்கி, எந்த இடத்தில் திடீரென்று கைவிட்டதுபோல் குறைகிறது என்பதைக் கவனியுங்கள். முழுவதும் மறையும் புள்ளியைவிடச் சரிவு தொடங்கும் புள்ளிதான் முக்கியம். திறந்த வகை டைனமிக் ஹெட்போன்களில், உதாரணமாக 1997-இல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்டி 600-இல், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லச் சரிவதைத் தெளிவாகக் கேட்கலாம். பிளேனர் வகை (தட்டையான மெல்லிய சவ்வு அசையும்) ஹெட்போன்களும் நன்கு அடைபட்ட இயர்போன்களும் 30 ஹெர்ட்ஸ் வரை நேராகவே போகும். அவற்றில் நீங்கள் கேட்கும் குறைவு பெரும்பாலும் காதின் குறைவு. ஒரே காதுதான் எல்லா ஹெட்போனையும் கேட்கிறது என்பதால் ஒப்பீட்டில் அது கழிந்துவிடும்.

இறங்கும் தொனி நடுவே எங்காவது மேடேறினால் அந்த இடத்தின் ஹெர்ட்ஸைக் குறியுங்கள். ஒரு ஹெட்போனில் 80-இல் மேடும் 50-இல் பள்ளமும் இருந்தால், பேஸ் கிட்டார் வாசிப்பில் சில சுரங்கள் மட்டும் துருத்திக்கொண்டு வரும், சில காணாமல் போகும். எத்தனை சுரம் வாசித்தாலும் ஒரே 'டும்' என்று கேட்கும் ஹெட்போன்கள் இந்த வகை.

40 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும்போது தொனி தொடர்ந்து தாழ வேண்டும். தாழாமல் நின்றாலோ, ஒரு படி மேலேறியதுபோல் கேட்டாலோ டிரைவர் திணறுகிறது. 30 ஹெர்ட்ஸைக் கொடுக்க முடியாமல் அதன் மடங்குகளான 60, 90 ஹெர்ட்ஸ்களைத் தானே உண்டாக்கிக் கொடுக்கிறது. இதுதான் சிதைவு. மூளையோ, மடங்குகளைக் கேட்டே அடிச்சுருதியை ஊகித்துக்கொள்ளும் பழக்கம் உடையது. அதனால்தான் சின்னப் போன் ஸ்பீக்கரில்கூட பேஸ் கிட்டார் வரியைப் பின்தொடர முடிகிறது. பாட்டில் இந்த ஏமாற்று தெரியாது. ஒற்றைத் தொனியில் மறைக்க முடியாது. 'கிர்ர்' என்ற உராய்வு கேட்டால் டிரைவர் மேல் ஒரு தலைமுடி விழுந்திருக்கலாம். குஷனைக் கழற்றிப் பார்த்து, ஊதாமல், ஒட்டும் டேப்பின் நுனியால் மெதுவாக எடுங்கள்.

பாட்டில் எதைக் கேட்பது

தொனிகள் குறையைக் காட்டும். அந்தக் குறை உங்களுக்கு முக்கியமா என்பதைப் பாட்டுதான் சொல்லும். நான்கு வகைப் பதிவுகள் போதும், எல்லாவற்றையும் ஒரே கோப்பிலிருந்து கேட்க வேண்டும். 'பேஸ் பூஸ்டட்' என்று இணையத்தில் ஏற்றியவை வேண்டாம். 78 ஆர்பிஎம் இசைத்தட்டுக் காலப் பதிவுகளில் ஆழ்ந்த பேஸ் ஏறக்குறைய இல்லாததால் அவையும் உதவாது.

முதலாவது, மிருதங்கம் தெளிவாகப் பதிவான ஒரு தனி ஆவர்த்தனம். பேஸைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி எளிதில் கிடைக்காது. ரவை பூசிய தொப்பியில் கை விழும் கணம் ஒன்று, அதைத் தொடர்ந்து வரும் முழக்கம் ஒன்று, கும்கியில் (தொப்பியின் மேல் கையை அழுத்தி இழைக்கும் வாசிப்பு) அந்த முழக்கம் வழுக்கிக்கொண்டு சுருதி ஏறுவது ஒன்று. நல்ல பேஸில் மூன்றும் தனித்தனியே கேட்கும். முழக்கம் எங்கே தொடங்கி எங்கே அடங்குகிறது என்று சொல்ல முடியும். மேல் பேஸ் வீங்கிய ஹெட்போனில் கும்கியின் வழுக்கல் ஒரே கனத்த உறுமலாகிவிடும். வலந்தலையின் (வலப்பக்கம்) மீட்டும் சேர்ந்து மங்கும். பேஸ் மெலிந்த ஹெட்போனில் தொப்பியின் தட்டல் மட்டும் கேட்கும், முழக்கம் வராது. கச்சேரி நேரடிப் பதிவுகளில் ஒரு துணைச் சோதனையும் கிடைக்கும். பாடகர் நிறுத்தும் இடைவெளிகளில் ஒலிபெருக்கி அமைப்பின் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் மெல்லியதாக ஓடும் பதிவுகள் உண்டு. எந்த ஹெட்போனில் அது கேட்கிறதோ அது 50 வரை உண்மையாகவே இறங்குகிறது.

இரண்டாவது, பேஸ் கிட்டார் தனி வரியாக நகரும் ஒரு திரைப்பாடல். 1980களின் தமிழ்த் திரையிசையில் இதற்குப் பஞ்சமில்லை. குரலை விட்டுவிட்டு பேஸ் வரியை மட்டும் வாயால் பாடிக்கொண்டே பின்தொடருங்கள். எந்த ஹெட்போனில் சுரம் தவறாமல் பாட முடிகிறதோ அதில் பேஸ் தெளிவு. இந்த ஒரு சோதனை பல வர்ணனைகளுக்குச் சமம்.

மூன்றாவது, சப்-பேஸ் நீளமாக ஒலிக்கும் எலக்ட்ரானிக் அல்லது ஹிப்ஹாப் பாடல். ஆழத்தை இதில் கேளுங்கள். கூடவே, தாழ்ந்த ஒலி நீளும்போது மேலே ஓடும் சின்னச் சின்ன ஒலிகள் நடுங்குகின்றனவா என்றும் கவனியுங்கள்.

நான்காவது, பாட்டே அல்ல: ஆண் குரலில் செய்தி வாசிப்பு. பேசும் ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. வாசிப்பவர் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டால் அந்த ஹெட்போனின் பேஸ் குரலுக்குள் வழிந்திருக்கிறது. மனிதக் குரல் எப்படி இருக்க வேண்டும் என்பது எல்லாக் காதுக்கும் தெரியும் என்பதால் இங்கே ஏமாற முடியாது.

ஒவ்வொரு பகுதியையும் 15, 20 வினாடிக்கு மேல் கேட்காதீர்கள். கேட்டவுடன் எழுதிவிட்டு மாற்றுங்கள். ஒலியின் நுணுக்கம் நினைவில் தங்குவது மிகக் குறுகிய நேரம். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒப்பிடுவது ஒலியை அல்ல, அபிப்பிராயத்தை.

அளவை ஒன்றாக்கிவிட்டுக் கேளுங்கள்

இதுவரை கேட்டதில் அளவும் தரமும் கலந்தே இருக்கும். இனி பிரிக்க வேண்டும். கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் ஆகிய இரண்டுமே உதவும். யாக்கோ பசனென் உருவாக்கிய ஆட்டோஈக்யூ என்ற திறந்தமூலத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்போன்களுக்கான திருத்தங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வேவ்லெட்டில் அவை உள்ளேயே இருக்கின்றன. இரண்டு ஹெட்போன்களுக்கும் அவற்றின் திருத்தத்தைப் போட்டால் இரண்டும் ஒரே இலக்கு வளைவை (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி வேண்டும் என்ற கோடு) நோக்கி நகரும். உங்கள் மாடல் பட்டியலில் இல்லையென்றால் கையால் செய்யலாம்: பேஸ் குறைந்ததற்கு லோ-ஷெல்ஃப் வடிகட்டி (ஒரு புள்ளிக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்துவது) ஒன்று, 105 ஹெர்ட்ஸ், க்யூ (சரிவின் கூர்மை) 0.7, கூட்டல் 3 டெசிபலில் தொடங்கி ஒவ்வொரு டெசிபலாக ஏற்றுங்கள். எத்தனை டெசிபல் கூட்டுகிறீர்களோ அத்தனை டெசிபல் முன்பெருக்கத்தில் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் டிஜிட்டல் உச்சியில் ஒலி வெட்டுப்பட்டு, அந்தக் கரகரப்புக்கு ஹெட்போன் மேல் பழி விழும். முடிந்ததும் நடுப்பகுதி இரைச்சலை வைத்து ஒலியளவை மறுபடி சமன் செய்யுங்கள்.

இப்போது அதே நான்கு பதிவுகளைக் கேளுங்கள். முதலில் மலைபோல் தெரிந்த வித்தியாசங்களில் பெரும்பகுதி கரைந்துபோயிருக்கும். "இதன் பேஸ் வேகமானது, அதன் பேஸ் மந்தம்" என்று சொல்லப்படுவதன் பின்னால் பெரும்பாலும் இருப்பது மேல் பேஸுக்கும் சப்-பேஸுக்கும் உள்ள விகிதம்தான். மேல் பேஸை 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள், மந்தமான ஹெட்போன் சுறுசுறுப்பாகிவிடும். அப்படிச் சரியாகிவிட்ட ஹெட்போனுக்கு இன்னும் அதிக விலை கொடுத்து மாற்று தேட வேண்டியதில்லை.

கரையாமல் மிஞ்சுபவைதான் தரம். பேஸை 6 டெசிபல் ஏற்றியதும் ஒன்று கலங்காமல் தாங்குகிறது, இன்னொன்று கரகரக்கிறது என்றால் அது டிரைவரின் எல்லை. திறந்த ஹெட்போனில் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதால் தாழ்ந்த ஒலிக்கு டிரைவர் அதிக தூரம் அசைய வேண்டும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே முதலில் திணறுவதும் அதுவே. அடைபட்ட இயர்போனில் சிறிய அசைவே போதும். தலையைத் திருப்பினாலோ, மென்றாலோ பேஸ் மாறுகிறதா என்பதையும் தரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த ஈக்வலைசராலும் திருத்த முடியாத குறை அது. ஒவ்வொரு முறை கழற்றிப் போடும்போதும் வேறு பேஸ் தரும் ஹெட்போனை வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிந்துரைக்க முடியாது.

ஆம்ப், கேபிள்

300 ஓம் ஹெட்போனுக்கு போன் போதாது என்பது ஒலியளவுப் பிரச்சினை. பேஸை மாற்றுவது வேறொன்று: கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் அளப்பது. எச்டி 600-இன் மின்மறுப்பு 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் 100 ஹெர்ட்ஸ் அருகே அது வெகுவாக ஏறுகிறது. 120 ஓம் வெளியீடு உள்ள பழைய ஆம்பில் மாட்டினால் அங்கே ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் கூடும். பலர் 'ட்யூப் ஆம்பின் வெதுவெதுப்பு' என்று சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. ஒப்பீட்டுக்கு 1, 2 ஓமுக்குள் வெளியீடு உள்ள சாதாரண யுஎஸ்பி-சி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போனை மாட்டும் சின்னக் கருவி) போதும், இரண்டு ஹெட்போனுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

கேபிள் பேஸைக் கூட்டாது. ஆனால் கழற்றி மாட்டும் இரண்டு முள் இயர்போன் கேபிளில் ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகினால் இரு பக்கமும் எதிரெதிராக அசையும். பேஸ் நடுத்தலையில் நிற்காமல் இரண்டு காதோரமும் சிதறி, வெறுமையாகக் கேட்கும். கேபிள் மாற்றிய பிறகு பேஸ் 'மெலிந்தது' என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

வரைபடத்தை வைத்து ஒப்பிடும்போது

இணையத்தில் வாங்குபவருக்கு, எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி வருகிறது என்று காட்டும் அதிர்வெண் வரைபடமே துணை. ஒரே கருவியில் ஒரே ஆள் அளந்த இரண்டு வளைவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். ஓரிடத்தில் எடுத்த வளைவையும் இன்னோரிடத்தில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்தால் பேஸில் சில டெசிபல் பொய்யாகவே தெரியும். இரண்டையும் 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் பகுதியில் பொருந்தும்படி நகர்த்திவிட்டு, 30, 60, 100, 200 என்ற நான்கு இடங்களின் மதிப்பைப் படியுங்கள்.

நிறைய வரைபடங்களில் கூடவே ஓடும் புள்ளிக்கோடு ஹார்மன் இலக்கு. ஹார்மன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்போரை வைத்து 2013 முதல் நடத்திய சோதனைகளிலிருந்து வந்தது. 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுமார் 5, 6 டெசிபல் உயர்த்தி வைக்கிறது. அது சராசரி விருப்பம், சட்டமல்ல. இளையவர்கள் கூடுதல் பேஸை விரும்புவதையும், வயதும் கேட்கும் பயிற்சியும் கூடினால் விருப்பம் குறைவதையும் அதே குழு 2015-இல் பதிவு செய்திருக்கிறது. வளைவில் 200 ஹெர்ட்ஸ் இலக்குக் கோட்டைவிட 3 டெசிபலுக்கு மேல் தூக்கியிருந்தால் குரல் மங்கும் என்று எதிர்பார்க்கலாம். வரைபடம் நல்ல அடைப்போடு அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கண்ணாடியோடு உள்ள உங்கள் தலையில் 60-க்குக் கீழே அது அப்படியே வராது.

கடையில் கால்மணி நேரம்தான் கிடைத்தால்

நடுப்பகுதி இரைச்சல், 200-லிருந்து 20-க்கு இறங்கும் தொனி, மிருதங்கம், பேஸ் கிட்டார் பாடல், செய்தி வாசிப்பு ஆகிய ஐந்து கோப்புகளையும் போனில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். இப்போது வைத்திருக்கும் ஹெட்போனையும் எடுத்துச் செல்லுங்கள், ஒப்பிட அதுவே அளவுகோல். கடையின் டெமோ பாட்டு வேண்டாம். பேஸைக் காட்டுவதற்கென்றே தேர்ந்தெடுத்தது அது. கடை இரைச்சலில் சப்-பேஸ் அமுங்கும் என்பதால் ஆழம் பற்றிய முடிவை வரைபடத்துக்கு விட்டுவிட்டு, அங்கே மூன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் தலையில் கசிவில்லாமல் உட்காருகிறதா, இறங்கும் தொனியில் கிர்ர் ஒலியோ ஒரு பக்கச் சாய்வோ இருக்கிறதா, செய்தி வாசிப்பவரின் குரல் இயல்பாக இருக்கிறதா. பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர் என்றால் இரைச்சல் நீக்கும் வசதியை இயக்கிக் கேளுங்கள். இன்ஜின் உறுமல் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது. அதை நீக்காத ஹெட்போனில் எவ்வளவு பேஸ் இருந்தாலும் பயணத்தில் அமுங்கிப்போகும், ஈடுகட்ட வால்யூமை ஏற்ற வேண்டி வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்.

திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் முதல் நாளே முழு ஒப்பீட்டையும் செய்து முடியுங்கள். சில வாரம் ஓடவிட்டால் பேஸ் 'திறக்கும்' என்று காத்திருக்க வேண்டாம். அந்த நாட்களில் மாறுவது குஷன் தலைக்கு ஏற்ப அமுங்குவதும் உங்கள் காது பழகிக்கொள்வதும்தான். அதற்குள் திருப்பும் காலக்கெடு முடிந்திருக்கும்.